சின்னமுத்தும் உடம்பின் மறதியும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியன் ஆதலின் யான் சங்க இலக்கியம் பற்றியோ, நம் கல்லூரியில் முன்னாளிற் கற்பித்த தமிழறிஞர் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் செயலாளர் சிறிது திகைத்தார். நோய்க்கிருமிகளைப் பற்றித் தமிழ் வாத்தியார் எழுதுவதா என்று அவர் வாய்திறந்து கேட்கவில்லையாயினும் அவர் முகம் கேட்டது. பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரமொன்றைத் தவிர, விஞ்ஞானத்துறையில் எனக்கு எத்தகைய தகுதியும் இல்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றேன். ஆயினும் சொற்களைப் பேணுதல் என் தொழில். ஒரு சொல்லைத் தேடப் புகுந்த இடத்தில், ஏறத்தாழ முப்பதாண்டுகளாக எம் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுப் பேசாதிருந்த துயரமொன்றின் காரணத்தைக் கண்டேன். அதனையே பழைய மாணவர்களாகிய உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

2019ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள், நம் கல்லூரியில் உயிரியல் கற்பிக்கும் இளைய ஆசிரியர் ஒருவர் ஆசிரியர் அறைக்கு என்னைத் தேடி வந்தார். ஒருகாலத்தில் என் வகுப்பில் முன்வாங்கில் இருந்தவர். "சேர், எனக்கு ஒரு சொல் வேண்டும்," என்றார். விஞ்ஞான மன்றத்து மாணவரின் கையெழுத்துச் சஞ்சிகைக்கு அவர் கட்டுரையொன்று எழுதிக்கொண்டிருந்தார். உடம்பானது தான் முன்னர் வென்ற நோய்களையெல்லாம் மறந்துவிடும் நிலையொன்று உண்டென்றும், அம்மறதியின் அளவை மேனாட்டு ஆராய்ச்சியாளர் அண்மையிலேதான் கணித்து வெளியிட்டனர் என்றும், அதற்குத் தமிழில் யாது பெயரிடலாம் என்றும் வினவினார்.

நோய் அணுகாதபடி உடம்பு பெற்றிருக்கும் காப்பினை நம் பாடநூல்கள் 'நிர்ப்பீடனம்' என வழங்குகின்றன. தமிழ்நாட்டார் 'நோயெதிர்ப்பு' என்பர். பீடனம் என்பது வருத்துதல், நிர்ப்பீடனம் வருத்தப்படாமை. யாழ்ப்பாணத்தில் நாம் நோயையே 'வருத்தம்' என்று சொல்வதால், வடசொல்லாயினும் அது நமக்குப் பொருந்தியே வருகின்றது. ஆதலின் 'நிர்ப்பீடன மறதி' எனச் சொல்லாக்கிக் கொடுத்தேன். அவர் குறித்துக்கொண்டு எழுந்தார். யான் சும்மா இருந்திருக்கலாம், "எந்த வருத்தத்தால் வருவது, தம்பி?" என்று கேட்டேன்.

"சின்னமுத்தால், சேர்," என்றார் அவர்.

அவரை மீண்டும் இருக்கச் சொன்னேன்.

என் தங்கை 1986ஆம் ஆண்டு மார்கழி மாதத்திற் பிறந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது இடைவெளி. நடக்கப் பழகியதும் என் பின்னாலேயே திரிவாள். யான் பாடங்களை மனனம் பண்ணும்பொழுது அருகில் இருந்து, பொருள் விளங்காமலே தானும் சொல்லுவாள். நான்கு வயதிலேயே ஆத்திசூடி முழுவதையும் பிழையறச் சொல்லிவிட்டு, "அண்ணா, உங்களுக்கு நடுவிலை ஒன்று மறந்துபோச்சு," என்று என்னைத் திருத்தியவள்.

1991ஆம் ஆண்டு தை மாதத்தில் அவளுக்குச் சின்னமுத்துக் கண்டது. மூன்று நாள் காய்ச்சல், கண் சிவத்தல், மூக்கொழுகல். பின்பு காதோரத்திற் தொடங்கி உடம்பெங்கும் செம்புள்ளிகள். வாசலில் வேப்பிலை செருகினோம். பதினோராம் நாள் தண்ணீர் வார்ப்பதென்று பெரியோர் நாட்குறித்தனர். ஆனால், குண்டுவீச்சுக்கு அஞ்சி அயலூருக்குப் பெயரவேண்டியிருந்தமையால், அம்மா ஒன்பதாம் நாளே வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் வைத்த நீரை அவளுக்கு வார்த்தார். பிள்ளை எழுந்தாள், விளையாடினாள், நோய் போயிற்று என்று எல்லோரும் மகிழ்ந்தோம்.

பங்குனியில் அவள் காதிற் சீழ் வடிந்தது. வைகாசியில் வயிற்றோட்டம் வந்து வாட்டியது. அது தணிந்து சில கிழமைகள் செல்ல மீண்டும் இருமல். ஆவணியிற் காய்ச்சலும் மூச்சிரைப்பும் கூடின. நியூமோனியா என்றனர். மின்சாரமும் இன்றி, மருந்தும் அரிதாய்க் கிடைத்த காலம் அது. நான்காம் நாள் விடியற்புறத்தில் அவள் போய்விட்டாள். சின்னமுத்துக் கண்டு ஏழு மாதங்கள் கழிந்திருந்தன. ஆதலின் சின்னமுத்தையும் அச்சாவையும் எவரும் தொடர்புபடுத்திப் பேசவில்லை.

ஒருவர் மட்டும் தொடர்புபடுத்தினார். அவர் என் அன்னை. நாள் பொறுக்காமல் முந்தித் தண்ணீர் வார்த்ததால் அம்மாளின் குற்றத்துக்கு ஆளாகிவிட்டதாக அவர் நம்பினார். எவரிடமும் சொன்னதில்லை. ஆண்டுதோறும் பங்குனித் திங்களில், மற்றைப் பெண்கள் வேண்டுதல் சொல்லி நிற்குமிடத்தில், என் அன்னை மன்னிப்புக் கேட்டு நின்றார் என்பதை வளர்ந்த பின்னரே யான் அறிந்தேன். அறிந்தும் என் செய்வது? அவருடைய நம்பிக்கையைப் பொய்யென்று சொல்ல எனக்கு வாயிருந்தது. மெய் எதுவென்று சொல்ல அறிவிருக்கவில்லை.

அவ்வறிவைத்தான் அந்த இளைய ஆசிரியர் அன்று எனக்குப் பாடமாகச் சொல்லித்தந்தார். என் மாணவருக்கு யான் மாணவனானேன். யான் விளங்கிக்கொண்டவாறு அதனை இங்குத் தருகின்றேன்.

உடம்புக்கு நினைவுண்டு என்பது மிகப் பழைய அறிவு. கி.மு. 430ஆம் ஆண்டளவில் ஏதென்சு நகரிற் கொள்ளைநோய் பரவியபோது, பிழைத்தெழுந்தவரை அந்நோய் மறுமுறை பற்றிக் கொல்லவில்லை என, அதனால் வருந்தித் தப்பிய வரலாற்றாசிரியர் துசிடைடீசு எழுதிவைத்தார். சின்னமுத்தைப் பொறுத்தவரையில் ஐயந்திரிபற்ற சான்று 1846ஆம் ஆண்டிற் கிடைத்தது. வட அத்திலாந்திக்குக் கடலிலுள்ள பரோத் தீவுகளில் 1781ஆம் ஆண்டின் பின்னர் அந்நோய் தலைகாட்டவேயில்லை. 65 ஆண்டுகள் கழித்து அது கடல்வழியே மீண்டும் வந்து, ஏறத்தாழ 7,800 மக்களில் 6,000 பேரைப் படுக்கையிற் கிடத்தியது. அதனை ஆராய்ந்த தென்மார்க்கு நாட்டு இளம் மருத்துவர் பீற்றர் பானும், 1781இற் சின்னமுத்துக் கண்டிருந்த முதியோருள் ஒருவரையேனும் நோய் தீண்டவில்லை என்று கண்டார். 65 ஆண்டு இடைவெளியிலும் அம்முதியோரின் உடம்பு பழைய பகைவனை மறந்ததில்லை.

இந்நினைவு எங்கே இருக்கின்றது? குருதியில் ஓடும் வெண்குழியங்களுள் நிணநீர்க்குழியங்கள் என்பன ஒரு வகை. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு குறித்த வடிவத்தை மட்டுமே இனங்காண வல்லது. அவ்வடிவமுடைய கிருமி உட்புகுந்தால், அதற்குரிய குழியம் ஒன்று பலவாய்ப் பெருகி எதிர்த்து நிற்கும். வெற்றி கிட்டியதும் பெரும்பாலானவை மடிய, ஒரு சில எஞ்சும். அவையே நினைவுக் கலங்கள். வேறு சில என்பு மச்சையிற் போய்த் தங்கி, பிறபொருளெதிரி எனப்படும் புரதத்தைப் பல்லாண்டுகள் சுரந்துகொண்டிருக்கும். ஆகவே நான்கு வயதுப் பிள்ளையொன்றின் உடம்பில், அதுவரை வந்து மீண்ட ஒவ்வொரு தடிமலும், ஒவ்வொரு காய்ச்சலும், ஒவ்வொரு வயிற்றோட்டமும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும்.

சின்னமுத்து அவ்வெழுத்தில் கைவைக்கின்றது என்பதற்கான முதற் குறிப்பை 1908ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்சு வொன் பிர்க்கே வெளியிட்டார். ஒவ்வாமையை உணர்த்தும் 'அலேர்ஜி' என்ற சொல்லை 1906இல் ஆக்கியவரும் அவரே. கசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த சத்தைத் தோலிற் கீறி வைத்தால், அக்கிருமியை முன்னர் அறிந்த உடம்பில் அவ்விடம் சிவந்து தடிக்கும். அவ்வாறு தடித்துக் காட்டிவந்த பிள்ளைகளே, சின்னமுத்துக் கண்ட நாட்களில் எந்த மாற்றமும் காட்டாதிருந்தனர். உடம்பு தானறிந்த ஒன்றை அறியாததுபோல் இருந்தது. அஃது ஏன் என்று சொல்ல அக்காலத்துக் கருவிகள் போதாவாயின.

விடை மெல்ல மெல்ல வந்தது. 2000ஆம் ஆண்டில் யப்பானிய ஆராய்ச்சியாளர், சின்னமுத்து வைரசு கலங்களினுள் நுழைவதற்குப் பற்றிக்கொள்ளும் கொளுவி எதுவெனக் கண்டனர். அஃது நிணநீர்க்குழியங்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம். நினைவுக் கலங்களில் அது மிகுதியாக உண்டு. மூச்சோடு உட்செல்லும் வைரசை, நுரையீரலின் வாயிலிற் காவல் நிற்கும் தின்குழியங்கள் பிடிக்கின்றன. பிடித்ததை நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுசெல்லுதல் அவற்றின் கடமை. அக்கடமையே கேடாக முடிகின்றது. காவலன் கள்வனைக் கட்டி ஏட்டுச்சாலைக்கே கொண்டுபோய் விடுகின்றான். அங்கே வைரசு நினைவுக் கலங்களிற் புகுந்து பெருகுகின்றது. நோயை ஒழிக்க வேண்டுமாயின், நோய் புகுந்த கலங்களை உடம்பு தானே அழித்தாக வேண்டும். எனவே உடம்பு குணமடைவதும் தன் நினைவைத் தானே அழிப்பதும் ஒரே செயலாகி விடுகின்றன.

இதன்பின் நிகழ்வது இன்னும் வியப்பானது. அழிந்த குழியங்களின் இடம் விரைவில் நிரம்பிவிடும். குருதியை எடுத்து எண்ணிப் பார்ப்பவருக்குத் தொகையிற் குறை தெரியாது. ஆனால், புதிதாய் வந்தவற்றுட் பல சின்னமுத்தை மட்டுமே அறிந்தவை. இடாப்பிற் பெயர்த்தொகை குறையாமலிருக்க, வகுப்பிற் பழைய மாணவர் பலர் இல்லாதிருப்பதை ஒக்கும் இது. அதனாற்றான் சின்னமுத்துக்கு எதிரான காப்பு வாழ்நாள் முழுவதும் நிலைக்க, ஏனையவற்றுக்கு எதிரான காப்பு கரைந்துபோகின்றது.

எவ்வளவு கரைகின்றது என்பதே 2019இல் வெளியான செய்தி. ஒல்லாந்து நாட்டில், சமயக் கொள்கை காரணமாகத் தடுப்பூசி ஏற்காத குடும்பங்களைச் சேர்ந்த 77 பிள்ளைகளின் குருதியை, சின்னமுத்து வருவதற்கு முன்னும் வந்து மாறிய பின்னும் எடுத்து ஒப்பிட்டனர். நோய்க்கு முன் அவர்கள் பெற்றிருந்த பிறபொருளெதிரி வகைகளுள் 11 முதல் 73 வீதம் வரை ஒழிந்துபோயிருந்தன. தடுப்பூசி பெற்ற பிள்ளைகளிடம் இத்தகைய இழப்புக் காணப்படவில்லை. அதற்கு முன், 2015இல், இங்கிலாந்து, அமெரிக்கா, தென்மார்க்கு ஆகிய நாடுகளின் பழைய இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தோர், சின்னமுத்துப் பரவிய பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகள் வரையிலும் பிள்ளைகள் பிற தொற்றுநோய்களால் இறப்பது மிகுந்திருந்ததைக் காட்டியிருந்தனர்.

காதிற் சீழ், வயிற்றோட்டம், நியூமோனியா. பங்குனி, வைகாசி, ஆவணி. இளைய ஆசிரியர் சொல்லச் சொல்ல, யான் மனத்துள் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். என் தங்கைக்கு நேர்ந்தது இதுவேதான் என்று அறுதியிட்டுரைக்க இனி எவராலும் இயலாது. அவள் குருதியை எவரும் அளந்து வைக்கவில்லை. ஆனால் சின்னமுத்து விட்டுச்சென்ற வழியில் வேறு நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன என்று கொள்வதற்கு, குறித்த நாளுக்கு இரண்டு நாள் முந்தி வார்த்த ஒரு குடம் தண்ணீரைவிட வலிய காரணம் எனக்குக் கிடைத்தது.

என்றாலும், கற்றதை அரைகுறையாகக் கொண்டு வீடு செல்ல எனக்கு விருப்பமில்லை. அடுத்த நாளும் அவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் ஒரு வழக்கு இருந்தது. 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் பெயர்ந்து வன்னி சென்ற பல்லாயிரவரில் யானும் ஒருவன். அங்கே ஓராண்டுக்குள் மூன்று முறை மலேரியாவால் நடுங்கினேன். ஒன்றுவிட்ட ஒருநாள் வரும் அந்த முறைக்காய்ச்சலை அறிந்தோர் நம்முட் பலர் உளர். "ஒருமுறை வென்ற நோயை உடம்பு மறவாதெனின், மலேரியா எனக்கு மும்முறை வந்தது எவ்வாறு?" என்று கேட்டேன்.

வைரசுகளும் ஒட்டுண்ணிகளும் நிர்ப்பீடனத்தை வெல்லும் வழி ஒன்றன்று, பல என்றார் அவர். மலேரியா ஒட்டுண்ணி நினைவை அழிப்பதில்லை, நினைவைப் பயனற்றதாக்குகின்றது. அது செங்குழியத்தினுள் ஒளிந்து வாழ்வது. பிற கலங்கள் தம்முள் இருப்பதன் துண்டுகளை வெளியே காட்டி அந்நியன் புகுந்ததை அறிவிப்பன. கருவற்ற செங்குழியத்துக்கு அவ்வாற்றல் இல்லை. எனினும் மண்ணீரல் பழுதுற்ற குழியங்களை வடித்தொழிக்கும். அதற்குத் தப்பவேண்டி, கொடிய இனமான பல்சிப்பாரம் ஒட்டும் தன்மையுள்ள புரதமொன்றைக் குழியத்தின் மேற்பரப்பில் நிறுத்தி, சிறு குருதிக்குழாய்களின் சுவரிற் பற்றிக்கொள்கின்றது. அப்புரதத்தை உடம்பு இனங்கண்டு பிறபொருளெதிரியை ஆக்கி முடிப்பதற்குள், வேறொரு வடிவத்தை அணிந்துகொள்கின்றது. இவ்வாறு மாற்றி உடுக்க அதனிடம் ஏறத்தாழ 60 பரம்பரையலகுகள் உள. கூத்து முடிவதற்குள் அறுபது வேடம் போடுபவனை எவ்வாறு அடையாளம் காண்பது? பலமுறை நோயுற்றோரின் உடம்பு மெல்ல மெல்லப் பல வேடங்களைக் கற்று ஓரளவு தாங்கும். அதுவும் முழுக் காப்பாகாது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரை மாய்த்த நோய் இது. 2012இன் பின் உள்நாட்டுத் தொற்று இல்லாது ஒழிந்து, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றையும் இலங்கை பெற்றது என்றால், அது நம் உடம்பின் நினைவால் வந்த வெற்றியன்று. நுளம்பைத் துரத்தியும், காய்ச்சற்காரரின் குருதியைச் சோதித்தும், மருந்து கொடுத்தும் பல்லாண்டு உழைத்தவர் தந்த வெற்றி.

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு மற்றொரு வழியைக் கைக்கொள்கின்றது. நிணநீர்க் குழாய்களுள் நூல்போற் கிடந்து பல ஆண்டுகள் வாழும் அது, காவலரோடு சண்டையிடுவதில்லை. நிர்ப்பீடனத் தொகுதியில், போர் எல்லைமீறி உடம்பையே அழிக்காதபடி அடக்கிவைக்கும் கலங்களும் உள. புழு அவற்றை ஊக்கி, தன்மீது எழும் எதிர்ப்பைத் தணித்துவிடுகின்றது. காவல் இருக்கின்றது, ஆனால் கைகட்டி இருக்கின்றது. அதன் குஞ்சுகள் இரவிலே குருதியில் உலாவுவதாற்றான், முன்னாளிற் சுகாதாரப் பகுதியினர் இரவில் வீடு வீடாய்ச் சென்று விரலிற் குத்திக் குருதி எடுத்தனர். இந்நோயும் 2016இல் இலங்கையிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையினின்று நீங்கிற்று.

டெங்குவின் வழி இவற்றிலும் வஞ்சகமானது. அவ்வைரசு நான்கு வகைப்படும். முதல் வகையால் வருந்தி எழுந்தவரிடம் அதற்குரிய பிறபொருளெதிரி இருக்கும். பின்னொருகால் வேறொரு வகை வந்தால், அப்பழைய பிறபொருளெதிரி அதனைப் பற்றிக்கொள்ளும், ஆனால் கொல்லாது. பற்றப்பட்டதை விழுங்குவது தின்குழியத்தின் இயல்பாதலின், வைரசு தான் பெருகுவதற்கேற்ற இடத்துக்கே எளிதிற் போய்ச் சேர்கின்றது. இரண்டாம் முறை வரும் டெங்கு சிலரிடம் கடுமையாவதற்கு இது காரணம் என்பதை, 1960களில் பாங்கொக்கு நகரில் ஆராய்ந்த ஸ்கொட் ஹால்ஸ்டெட் என்னும் அமெரிக்க மருத்துவர் எடுத்துக்காட்டினார். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவானதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

ஆக, ஒன்று நினைவை எரிக்கின்றது. ஒன்று வேடம் மாறி நினைவை ஏமாற்றுகின்றது. ஒன்று காவலைத் தணித்து வைக்கின்றது. ஒன்று நினைவையே வாயிலாகக் கொண்டு நுழைகின்றது. இவற்றையெல்லாம் கேட்டபின், நோயென்பது வெறும் வெப்பமும் குளிருமன்று, உடம்பின் அறிவோடு மற்றோருயிர் நடத்தும் வழக்கு என்பது எனக்கு விளங்கிற்று.

அன்று மாலை வீடு சென்றேன். அம்மா முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். அருகில் இருந்து சொல்லத் தொடங்கினேன். குழியம் என்றும் கொளுவி என்றும் சொன்னால் அவருக்கு விளங்காது. எம் ஐயா யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தவறாது சென்று வந்தவர். 1981இல் அது எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரான பின்பு, பல நாள் உணவு செல்லாதிருந்தவர். ஆகவே அதனைக்கொண்டே சொன்னேன். "அம்மா, பிள்ளையின்ரை உடம்புக்குள்ளை ஒரு நூல்நிலையம் இருந்தது. ஒவ்வொரு வருத்தத்தையும் எப்படி வெல்லுறதெண்டு அதிலை எழுதியிருந்தது. சின்னமுத்து அதைக் கொளுத்திப்போட்டுது. சுவர் நிண்டது, புத்தகங்கள் இல்லை. அதுதான் பிறகு வந்த வருத்தங்களை அவளாலை தாங்கேலாமல் போச்சுது. நீங்கள் வார்த்த தண்ணியாலை இல்லை."

அம்மா இலை உருவுவதை நிறுத்தினார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "அப்ப நாள் முந்தினதாலை இல்லையோ, தம்பி?" என்று கேட்டார்.

"இல்லை, அம்மா."

சிறிது பொறுத்து அவர் கேட்ட இரண்டாவது வினாவை யான் எதிர்பார்க்கவில்லை. "சின்னமுத்துக்கு அப்ப ஊசி இருந்ததோ?"

இருந்தது. 1954ஆம் ஆண்டில் ஜோன் எண்டர்சு என்பாரும் அவர்தம் உதவியாளரும் அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவனிடமிருந்து எடுத்த வைரசைக் கொண்டு ஆக்கிய தடுப்பூசி, 1963இல் அந்நாட்டிற் பயனுக்கு வந்தது. இலங்கையில் 1984இற் கொடுக்கத் தொடங்கினர். ஒன்பது மாதம் நிறைந்ததும் போடவேண்டியது. என் தங்கைக்கு ஒன்பது மாதம் நிறைந்தது 1987 புரட்டாதி ஈற்றில். அடுத்த மாதக் கிளினிக்குக்குக் கொண்டுசெல்ல இருந்தார். ஐப்பசியிற் போர் மூண்டது. நாங்கள் கோயில் மண்டபத்திற் படுத்திருந்தோம். பின்பு அது விட்டுப்போயிற்று.

ஒரு பாரத்தை இறக்கி மற்றொரு பாரத்தை ஏற்றிவிட்டேனோ என அஞ்சினேன். அறிவு எப்பொழுதும் ஆறுதலாக வருவதில்லை என்பதை அக்கணத்தில் உணர்ந்தேன். மெய்யை மறைக்கவும் மனம் ஒப்பவில்லை. "இருந்தது, அம்மா. அந்த மாதம் றோட்டிலை ஒருவரும் இறங்கேலாது. கிளினிக்கும் இல்லை. அது உங்கடை பிழை இல்லை," என்றேன்.

அவர் தலையசைத்தார். "போர் செய்ததுக்கு அம்மாளிலை பழிபோட்டிட்டன்," என்றார். அவ்வளவே. மீண்டும் இலையை உருவத் தொடங்கினார். அடுத்த பங்குனித் திங்களிலும் கோயிலுக்குப் போனார். ஆனால் அம்முறை பொங்கிவிட்டு வந்து, பல ஆண்டுகளின் பின் என் தங்கையின் பெயரைச் சொல்லி அவள் குறும்புகளைப் பேசினார். ஆத்திசூடியில் யான் மறந்த அடியை அவள் எடுத்துக் கொடுத்ததை நினைவூட்டிச் சிரித்தார். அன்று எம் வீட்டில் அவள் மீண்டும் பேசப்படும் பிள்ளையானாள்.

இன்னுமொன்று சொல்லி முடிக்கின்றேன். 2019ஆம் ஆண்டிலேயே இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் 2023இல் அது மீண்டும் தலைகாட்ட, 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சில மாவட்டங்களில் விடுபட்ட பிள்ளைகளைத் தேடி ஊசி போட வேண்டியதாயிற்று. அச்செய்தி வந்த நாட்களில், அயல் வீட்டு இளந்தாய் ஒருத்தி, பிள்ளைக்கு மூக்கொழுகுகின்றது, அடுத்த மாதம் பார்ப்போம் என்று சின்னமுத்து ஊசியைப் பிற்போட எண்ணினாள். என் அன்னை கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டுக்குச் சென்றார். "பிள்ளை, பொறுக்கிறதோ போடுறதோ எண்டு கிளினிக்கிலை அவையள் சொல்லட்டும். நீ கொண்டுபோ. நாங்கள் ஒரு மாதம் விட்டது பிறகு வரவேயில்லை," என்றார். தாமும் உடன் சென்று, ஊசி போட்ட அட்டையைத் தம் கண்ணாற் பார்த்த பின்னரே வீடு திரும்பினார்.

நம் கல்லூரியின் விழா மலரும் ஒருவகையில் நினைவைப் பேணும் ஏடே. எவர் கற்பித்தார், எவர் ஆடினார், எவர் அறம் செய்தார் என்று எழுதி வைக்கின்றோம். அவற்றோடு, நம் வகுப்புகளுக்கு வந்து சேராமலே போன பிள்ளைகளும் இம்மண்ணில் இருந்தனர் என்பதை ஒரு பக்கத்திலேனும் எழுதிவைத்தல் தகும் என எண்ணினேன். பழைய மாணவர்களே, நீங்கள் உலகின் எத்திசையில் வாழ்ந்தாலும், உங்கள் மக்களின் மக்களின் ஊசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தமிழ் வாத்தியார் ஏன் இதனை எழுதினார் என்று வினவிய செயலாளருக்கும், உங்களுக்கும் யான் தரும் விடை அதுவே.

கல்லூரித்தாய் நீடு வாழ்க.